ஓசையால் சொற்களைச் சேர்த்தல்: பட அட்டைகளோடு ஆறு வாரம்

எங்கள் வீட்டுத் திண்ணைக்கு மாலை ஐந்து மணிக்கு வரும் பிள்ளைகள் எட்டுப் பேரில் மூவர் அங்கன்வாடிக்குப் போகிறவர்கள், ஐவர் ஒன்றாம் வகுப்பில் படிக்கிறவர்கள். மன்னார்குடிக்குத் தெற்கே வயல்களுக்கு நடுவில் இருக்கும் சிற்றூர் எங்களுடையது. பெற்றோரில் பலர் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள் என்பதால், இருட்டும்வரை பிள்ளைகள் என்னோடு இருப்பது வழக்கம். ஒத்த ஓசையில் முடியும் சொற்களைக் கோடிட்டு இணைக்கும் பயிற்சி வீட்டுப்பாடமாக வந்த ஒரு நாளில், ஐவருமே கோட்டை அழகாகப் போட்டிருந்தும் ஒருவர்கூட ஓசையைக் கேட்டு இணைக்கவில்லை என்பதைக் கவனித்தேன். ஒருத்தி ‘மரம்’ என்பதை ‘இலை’ என்பதோடு இணைத்திருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, “மரத்துலதானே அத்தை எல இருக்கும்?” என்றாள். அவள் சொன்னதில் பிழையே இல்லை. சொல் என்றாலே அது குறிக்கும் பொருள்தான் என்று இருக்கும் வயதில், பொருளை ஒதுக்கிவைத்துவிட்டு ஓசையை மட்டும் கேள் என்று நாம் சொல்வது அவளுக்கு முற்றிலும் புதிய வேலை. அந்த வேலையைப் பழக்குவதற்காக நான் செய்த பட அட்டைகளைப் பற்றியும், முதலில் செய்தவை ஏன் பயன்படவில்லை, பிறகு எதை மாற்றினேன் என்பதைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன்.

முதல் தொகுப்பில் 24 அட்டைகள் இருந்தன. வீட்டில் சேர்ந்திருந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளின் கெட்டியான மேலட்டையை 10 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலம் என்ற அளவில் வெட்டி, அச்சுள்ள பக்கத்தின்மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைந்து, படத்துக்குக் கீழே சொல்லையும் எழுதினேன். ஒட்டுவதற்கு வீட்டிலேயே காய்ச்சிய மைதாப் பசையைப் பயன்படுத்தியது தவறாகிவிட்டது. நான்காம் நாள் பெட்டியைத் திறந்தபோது ஒன்பது அட்டைகளின் ஓரத்தைக் கரப்பான் தின்றிருந்தது. பசையில் மயில்துத்தம் கலந்தால் பூச்சி வராது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னார். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் கலப்பதுதான் அது, ஆனால் நஞ்சு. நான்கு வயதுப் பிள்ளைகள் அட்டையைக் கடித்துப் பார்க்காமல் இருக்க மாட்டார்கள் என்பதால் அந்த யோசனையை விட்டுவிட்டு, அடுத்த தொகுப்புக்கு ஃபெவிகால் வாங்கினேன்.

பூச்சியைவிடப் பெரிய குறை என் சொல் தேர்வில் இருந்தது. ஆங்கில வழியில் சிறுவர்களுக்கு ஓசை பழக்கும் முறையை நான் முன்பே பார்த்திருந்தேன். கேட், பேட், ஹேட் என்று சொற்களின் கடைசிப் பகுதி ஒன்றாக இருந்தால் போதும் என்பது அதன் அடிப்படை. அதையே தமிழுக்குப் பொருத்தி, கடைசியில் ஒரே ஓசை வரும் சொற்களாகப் பார்த்து அடுக்கினேன்: மரம், பணம், படம், பழம் ஒரு கட்டு; சாவி, தம்பி, கத்தி, ஊசி இன்னொரு கட்டு. எழுதும்போது சரியாகத்தான் தோன்றியது. பிள்ளைகளிடம் கொண்டுபோனபோது எழுத்துத் தெரிந்த ஐவரும் அட்டையின் கீழே உள்ள கடைசி எழுத்தைப் பார்த்து ‘ம்’ இருந்தால் ஒரு பக்கம், இல்லாவிட்டால் மறுபக்கம் என்று பிரித்துவிட்டார்கள். காது வேலை செய்யவே இல்லை. கண் மட்டும் வேலை செய்தது. எழுத்துத் தெரியாத மூவருக்கோ சாவியும் தம்பியும் எந்த வகையில் ஒன்று என்பது கடைசிவரை விளங்கவில்லை. எனக்கே அவற்றை உரக்கச் சொல்லிப் பார்த்தபோது ஒன்றாகக் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் வாரத்தின் தொடக்கத்தில் ஒன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் கேட்ட கேள்வியால் சிக்கல் இருக்கும் இடம் தெரிந்தது. “பையில, மரத்துல, குளத்துல, எல்லாம் ‘ல’வுலதானே முடியுது, அப்ப இதெல்லாம் ஒண்ணா அத்தை?” என்று கேட்டான். தமிழில் வேற்றுமை உருபும் வினைமுற்று விகுதியும் சொல்லின் கடைசியில்தான் ஒட்டுகின்றன. வந்தான், சிரித்தான், ஓடினான் என்று எத்தனை சொற்களை அடுக்கினாலும் கடைசி ஓசை தானாகவே ஒன்றாக அமைந்துவிடும். யாரும் தேடிச் சேர்க்காமலே கிடைக்கும் ஒற்றுமை காதைப் பெரிதாகத் தொடுவதில்லை. நம் யாப்பிலக்கணத்தில் கடைசி ஓசை ஒன்றுவதற்கு இயைபு என்று பெயர் இருக்கிறது. தொல்காப்பியமும் மோனை, எதுகையோடு அதைச் சொல்கிறது. ஆனால் புலவர்கள் வரிக்கு வரி கருத்தோடு பேணியது எதுகையைத்தான்: முதலெழுத்து அளவில் ஒத்திருக்க, இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது. அளவு ஒத்திருக்க என்றால் குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த இந்த விதி, ஐந்து வயதுப் பிள்ளையின் காதுக்கும் பொருந்துமா என்று சோதித்துப் பார்க்கலாம் என்று அன்றுதான் தோன்றியது.

அன்று மாலையே சோதித்தேன். அட்டை எதுவும் இல்லாமல், ‘தட்டு, லட்டு’ என்று சொல்லி “ரெண்டும் ஒரே மாதிரி கேக்குதா?” என்றேன். எட்டுப் பேரில் ஏழு பேர் உடனே ஆம் என்றார்கள். ‘தட்டு, பாட்டு’ என்று சொன்னபோது தயங்கினார்கள். இருவர் ஆம் என்றார்கள், மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். ‘பாட்டு, வீட்டு’ என்றதும் மறுபடி தெளிவாக ஆம் வந்தது. பா, வீ என்ற இரண்டிலும் உயிர் வேறு. ஆனால் இரண்டும் நெடில். தட்டும் பாட்டும் இரண்டாம் எழுத்தில் ஒன்றினாலும் அளவில் ஒன்றவில்லை. நான்கு வயதுக் காது அந்த வேறுபாட்டை விதி தெரியாமலே பிடித்துக்கொண்டது எனக்குப் பெரும் மகிழ்ச்சியாக இருந்தது. பிறகு ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்துவைத்து, குறிலுக்கு ஒரு குட்டைத் தட்டும், நெடிலுக்கு விரலை ஓட்டின்மேல் இழுத்துத் தேய்ப்பதுமாக ஒவ்வொரு சொல்லையும் தாளமாக்கிக் காட்டினேன். அதிலிருந்து யாரும் தயங்கியதில்லை.

இரண்டாம் தொகுப்பை இந்த அடிப்படையில் புதிதாகச் செய்தேன். மொத்தம் 48 அட்டைகள். அவற்றில் 44 அட்டைகள் நான்கு நான்காக 11 குடும்பங்கள். மீதி நான்கைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பிள்ளைகளுக்குத் தெரிந்த பொருளாக இருக்க வேண்டும், வரைந்தால் சந்தேகமில்லாமல் புரிய வேண்டும், முதலெழுத்துகள் அளவில் ஒத்திருக்க வேண்டும் என்ற மூன்றையும் வைத்துச் சலித்தபின் எஞ்சியவை இவை: ஆடு, மாடு, வீடு, கூடு. யானை, பானை, பூனை, சேனை. தட்டு, லட்டு, எட்டு, மொட்டு. குடை, வடை, கடை, சடை. இலை, மலை, தலை, வலை. கல், பல், நெல், வில். கால், பால், வால், நூல். படம், குடம், தடம், வடம். மான், மீன், தேன், வான். கண், மண், பெண், ஒன்று. பஞ்சு, குஞ்சு, நெஞ்சு, ஐந்து. ‘வடம்’ நகரத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். திருவாரூர்த் தேரோட்டத்துக்குப் போய்வந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தேர் படத்தில் வடத்தை மட்டும் சிவப்பாகக் காட்டியது போதுமானதாக இருந்தது. ‘தடம்’ மட்டும் சரிவரவில்லை. சேற்றில் பதிந்த பாதத்தை வரைந்திருந்தேன். எல்லோரும் அதைக் கால் என்றே சொன்னார்கள். இரண்டு நாள் பார்த்துவிட்டு அந்த அட்டையை எடுத்துவிட்டேன்.

இந்த முறை அட்டையில் எழுத்தே கிடையாது, படம் மட்டும்தான். எந்த அட்டை எந்தக் குடும்பம் என்று எனக்குத் தெரிவதற்காகப் பின்பக்கத்தில் மூலையில் ஒரு வண்ணப் புள்ளி வைத்திருந்தேன். மூன்றாம் நாளே ஒரு சிறுமி அட்டையைத் திருப்பிப் புள்ளியைப் பார்த்துச் சேர்ப்பதைக் கண்டுபிடித்ததால், எல்லாப் புள்ளிகளின்மேலும் தாள் ஒட்டி மறைக்க வேண்டியதாயிற்று. செய்து பார்க்க நினைப்பவர்கள் அடையாளம் எதுவும் வைக்காமல் ஒரு தாளில் பட்டியலை எழுதிக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. ஓரம் பிரியாமல் இருக்க அகலமான செல்லோடேப்பை இரு பக்கமும் ஒட்டி, அட்டையைவிட 2 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டினேன். ஈரக் கையோடு எடுத்தாலும் தாங்குகிறது.

மேலே உள்ள பட்டியலில் ‘ஒன்று’, ‘ஐந்து’ ஆகிய இரண்டும் தவறாக நுழைந்துவிட்டன என்று சிலர் நினைக்கலாம். எழுத்து வழக்கில் கண்ணுக்கும் ஒன்றுக்கும் எதுகை இல்லை. பேச்சு வழக்கில் கண்ணு, மண்ணு, பொண்ணு, ஒண்ணு என்று நான்கும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. அதுபோலவே பஞ்சு, குஞ்சு, நெஞ்சு, அஞ்சு. இந்த முடிவுக்கு வர எனக்குச் சில நாள்கள் பிடித்தன. முதலில் நான் புத்தகத் தமிழில் ‘கல்’, ‘பல்’, ‘நெல்’ என்று திருத்தமாக உச்சரித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அங்கன்வாடிச் சிறுவன் ஒருவன் அட்டைகளைத் தானாக எடுத்து, “கல்லு, பல்லு, நெல்லு” என்று தன் வீட்டில் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, “அத்தை, மூணும் ஒண்ணா கேக்குது!” என்று கூவினான். அவன் காதுக்குத் தெரிந்த சொல் கல்லுதானே தவிரக் கல் அல்ல. குடத்தை அவர்கள் கொடம் என்கிறார்கள், இலையை எல என்கிறார்கள், குடையைக் கொட என்கிறார்கள். ஓசையைக் கேட்கச் சொல்லிவிட்டு, அவர்கள் கேட்டுப் பழகாத ஓசையை முன்னால் வைப்பது நியாயமில்லை. ஆகவே அட்டை விளையாட்டு முழுவதும் வீட்டுப் பேச்சிலேயே நடக்கட்டும், எழுத்து வரும்போது எழுத்து வழக்கு வரட்டும் என்று பிரித்துக்கொண்டேன். பேச்சு வழக்கைப் பழக்கினால் பிழையாக எழுதுவார்கள் என்று ஒரு பெற்றோர் வருந்தினார். ஆறு வாரத்தில் அப்படி எதையும் நான் காணவில்லை. குடம் என்று எழுதியதைக் கொடம் என்று படித்தார்களே தவிர, கொடம் என்று ஒருவரும் எழுதவில்லை.

விளையாடிய முறையைச் சொல்கிறேன். வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு இருபது நிமிடம். முதலில் இரண்டு குடும்பங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஓசையில் மிகவும் விலகியிருக்கும்படி பார்த்துக்கொண்டேன். யானைக் குடும்பமும் தட்டுக் குடும்பமும் முதல் நாளுக்கு மிகப் பொருத்தமாக அமைந்தன. இரண்டு முறங்களில் குடும்பத்துக்கு ஓர் அட்டையைத் தலைவர் அட்டையாக வைத்து, மீதி அட்டைகளைக் குலுக்கி ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். பிள்ளை படத்தின் பெயரைத் தன் வாயால் சொல்லி, தலைவர் அட்டையின் பெயரையும் சொல்லி, பிறகுதான் முறத்தில் வைக்க வேண்டும். வாயால் சொல்வதை விட்டுவிட்டால் மறுபடியும் பொருள் வழியே போய்விடுகிறார்கள். ‘வடை’ அட்டையைக் கேட்காமலே தட்டில் வைத்த பிள்ளை உண்டு, வடை தட்டில்தான் இருக்கும் என்பதால். இந்த ஒரு விதியை மட்டும் நான் ஒரு நாளும் தளர்த்தவில்லை.

இரண்டாம் கட்டம், மூன்று அட்டைகளில் சேராத ஒன்றைக் கண்டுபிடிப்பது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் லினெட் பிராட்லி, பீட்டர் பிரையன்ட் ஆகிய இருவரும் நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் 403 பேரிடம் இப்படிச் சேராத சொல்லைக் கண்டுபிடிக்கும் சோதனையை நடத்தி, பிற்பாடு அவர்கள் வாசிக்கக் கற்றதோடு அதை ஒப்பிட்டுப் பார்த்து, 1983இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். ஓசையில் காது தேர்ந்த குழந்தைகள் வாசிப்பிலும் முன்னே நின்றார்கள் என்பது அதில் தெரிந்தது. அவர்களில் 65 பேரைத் தனியே எடுத்துப் பட அட்டைகளைக் கொண்டு பயிற்சி அளித்தபோது, ஓசையோடு பிளாஸ்டிக் எழுத்துகளையும் சேர்த்துப் பழகிய குழந்தைகளே எல்லோரையும்விட நன்றாக வாசித்தார்கள். ஆங்கிலத்துக்குச் செய்த ஆய்வை அப்படியே நமக்குப் பொருத்த முடியாதுதான். இருந்தாலும் ஓசை முதலில், எழுத்து அதன் பின்னாலேயே என்ற வரிசையை நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். என் அனுபவத்தில் மூன்று அட்டைகளுக்கு மேல் போகக் கூடாது. நான்கு வைத்தால் சிறியவர்களுக்கு முதல் சொல் மறந்துபோகிறது. அப்போது அவர்கள் தவறுவது ஓசையில் அல்ல, நினைவில்.

தனியாக வைத்திருந்த நான்கு அட்டைகள் எலி, புலி, கிளி, துளி. லகரத்தையும் ளகரத்தையும் பிரித்துக் கேட்கிறார்களா என்று பார்க்கவே அவற்றைச் செய்தேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் நான்கையும் ஒரே முறத்தில் போட்டார்கள். இதைவிட நுட்பமான ஒன்று அட்டை இல்லாமலே நடந்தது. ஒரு சிறுமியிடம் “பழத்துக்கு ஒரே மாதிரி ஒரு சொல் சொல்லு” என்றபோது, “பளம், கொளம்” என்றாள். பழத்தில் இருப்பது ழகரம், குளத்தில் இருப்பது ளகரம். எழுத்தில் பார்த்தால் எதுகை இல்லை. ஆனால் அவள் வாயில் இரண்டும் ளகரம்தான், அவள் காது அதைச் சரியாகவே கேட்டிருக்கிறது. தவறு என்று சொன்னால் காதை நம்பாதே என்று சொன்னதாகிவிடும். “நல்லாக் கேட்டிருக்க” என்று சொல்லிவிட்டு, மறுநாள் ஒரு சின்னக் கண்ணாடியைக் கொண்டுவந்து ஒவ்வொருவர் முகத்துக்கு முன்னாலும் பிடித்து, நாக்கு நுனியை மேலே தொடாமல் வளைத்து வைத்தால் ழகரம் வருவதையும், தொட்டுவிட்டால் ளகரம் ஆகிவிடுவதையும் பார்க்கவைத்தேன். பழம், குளம் என்று மாற்றி மாற்றிச் சொல்லிக் கண்ணாடியில் தன் நாக்கைத் தேடிக்கொண்டே அவள் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். வாரம் முடியும்போது எட்டில் மூவர் ழகரத்தைத் தெளிவாகச் சொன்னார்கள். அவளும் அந்த மூவரில் ஒருத்தி. பழமும் குளமும் ஒன்றில்லை என்று அவளே வந்து சொன்னாள்.

ஐந்தாம் வாரத்தில் எழுத்துக்கு வந்தோம். பத்திரிகை வந்த நீள உறை ஒன்றை எடுத்து, வாய்ப்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் வெட்டித் திறந்து, முன்பக்கத்தில் 3 செ.மீ. சதுரமாக ஒரு சன்னல் வெட்டினேன். சன்னலுக்கு வலப்பக்கத்தில் ‘ட்டு’ என்று பெரிதாக எழுதினேன். உள்ளே மேலும் கீழும் இழுக்கும்படி இரண்டு பட்டைகள்: நீலப் பட்டையில் ப, த, க, எ, ல, மொ, சிவப்புப் பட்டையில் பா, மா, ஆ, கா, வீ, ஓ. பட்டையை இழுக்க இழுக்கச் சன்னலில் எழுத்து மாறி, பட்டு, தட்டு, கட்டு என்று சொல் பிறக்கும். சிவப்புப் பட்டையை நுழைத்தால் பாட்டு, மாட்டு, ஆட்டு. முதலில் இரு பட்டைகளிலும் 3 செ.மீ. அகலம் வைத்து வெட்டியதால் எழுத்து ஆடி ஆடிச் சன்னலைவிட்டு விலகியது; உறையின் உள் அகலத்துக்கு அரை செ.மீ. மட்டும் குறைவாகப் பட்டையை அகலப்படுத்தி, எழுத்தைச் சன்னலுக்கு நேராக எழுதியபின் நின்றது.

இந்த உறையைக் கொடுத்த அன்று, மரத்தை இலையோடு இணைத்த அதே சிறுமி ஒரு வெற்றுத் தாள் பட்டையைக் கேட்டு வாங்கி, தனக்குத் தெரிந்த எழுத்துகளையெல்லாம் எழுதி உள்ளே நுழைத்து இழுத்தாள். “நட்டு, சட்டு, யட்டு” என்று படித்துவிட்டு, “யட்டுன்னா என்ன அத்தை?” என்றாள். அப்படி ஒரு சொல் இல்லை என்றேன். “இல்லாட்டியும் தட்டு மாதிரிதானே கேக்குது” என்றாள். பொருளே இல்லாத ஒரு சொல்லை ஓசையால் மட்டும் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டாள். இதற்காகத்தான் 48 அட்டைகளையும் வெட்டினேன்.

ஆறாம் வாரக் கடைசியில், அட்டையைப் பார்க்காமல் நான் சொல்லும் மூன்று சொற்களில் சேராததைச் சொல்லும்படி ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பத்து முறை கேட்டேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஐவரும் எட்டுக்குமேல் சரியாகச் சொன்னார்கள். அங்கன்வாடிப் பிள்ளைகளில் ஒருத்தி ஏழும், ஒருவன் ஆறும் சொன்னார்கள். எல்லோரிலும் சிறியவன், நான்கு வயது நிறைந்து இரண்டு மாதம் ஆனவன், மூன்றுதான் சொன்னான். அவன் தவறுகளைக் குறித்துவைத்துப் பார்த்தபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது: கல், பல், பால் என்றால் பல்லையும் பாலையும் சேர்க்கிறான், குடை, வடை, குடம் என்றால் குடையையும் குடத்தையும் சேர்க்கிறான். அவன் காது சொல்லின் தொடக்கத்தைக் கேட்கிறது. அது எதுகை இல்லை, மோனை; அதுவும் ஓசையைக் கேட்பதுதான். அவனை வலிந்து இரண்டாம் எழுத்துக்கு இழுப்பதைவிட, அவன் ஏற்கெனவே கேட்கும் இடத்திலிருந்து தொடங்குவது மேல் என்று தோன்றுகிறது. பல், பந்து, படகு, பசு. மாடு, மான், மாலை, மாங்காய். குடம், குடை, குதிரை, குருவி என்று மோனை அட்டைகள் 12 வெட்டிவைத்திருக்கிறேன். குடத்தையும் குடையையும் அவன் கொடம், கொட என்றுதான் சொல்வான், குதிரையும் குருவியும் குகரத்திலேயே நிற்கும் என்பதால் அந்தக் கட்டை மட்டும் மாற்ற வேண்டும். கொக்கு, கொடி என்ற இரண்டையும் குதிரை, குருவிக்குப் பதிலாக வரைந்துவிட்டால் திங்கட்கிழமை தொடங்கிவிடலாம்.